வெளுத்த ஒளிப்பகுதிகளை மீட்டல்

வெயிலில் எடுத்த அகழாய்வுப் படத்தில் எலும்போ முதுமக்கள் தாழியின் வாய்விளிம்போ வெறும் வெள்ளைத் திட்டாகிப்போனால், அங்கே மறைந்த விவரத்தைக் கேமராவின் பதப்படுத்தாத ரா கோப்பிலிருந்து திரும்பப் பெறும் முறை இது. தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூர் போன்ற அகழாய்வுக் களத்தில் இதன் தேவையும் வரம்பும் தெளிவாகத் தெரியும். சரளை மேட்டின் மேல் உச்சிவெயில், தாழிக்குள் இருட்டு. இரண்டும் ஒரே படத்தில் அடங்க வேண்டும். 14 பிட் கோப்பில் ஒரு புள்ளியின் எண் 16,383-ஐத் தாண்டாது. அதற்குமேல் கொட்டும் ஒளி பதிவாவதில்லை. பெரும்பாலான கேமராக்களில் உணரியின் புள்ளிகளில் பாதி பச்சை வடிகட்டிக்கும், கால்வாசி வீதம் சிவப்புக்கும் நீலத்துக்கும் உரியவை. பகலொளியில் பெரும்பாலும் பச்சையே முதலில் நிரம்பும். மற்ற இரண்டிலும் எஞ்சிய விவரம்தான் மீட்புக்கு மூலதனம். மூன்றும் நிரம்பிய இடத்தில் மென்பொருள் தருவது ஊகம் மட்டுமே.

மீட்ட படத்தில் வடிவத்தை ஓரளவு நம்பலாம், நிறத்தை நம்பக் கூடாது. ரா கோப்பைப் படமாக மாற்ற டேவ் காஃபின் 1997-இல் தொடங்கிய டிசிரா நிரலே இதற்குச் சான்று. அதன் ஒளிப்பகுதி அமைப்பில் 0 என்று கொடுத்தால் திட்டு வெள்ளையாகும். 1 கொடுத்தால் இளஞ்சிவப்பாகும். வெள்ளைச் சமநிலைக்காகச் சிவப்பையும் நீலத்தையும் பெருக்கும்போது, நிரம்பி நின்ற பச்சை பின்தங்கிவிடுவதே காரணம். 2 கலந்து மழுப்பும். 3 முதல் 9 வரை மீட்டுருவாக்கம்: சிறிய எண் வெண்மைப் பக்கம் சாயும், பெரிய எண் நிறத்தின் பக்கம். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்தவற்றில் பொன் நெற்றிப்பட்டங்களும் உண்டு. அப்படியொரு பட்டத்தின் மினுக்கம் வெளுத்துவிட்டால், அது பொன்னா வெள்ளியா என்பதைக் கோப்பை மாற்றுபவர் தட்டும் எண்ணே தீர்மானித்துவிடும்.

ஆகவே களத்திலேயே வெளுக்காமல் எடுப்பதே நல்லது. அதற்காக ஒளியைக் குறைத்து எடுத்தால் தாழியின் உட்புறம் இரைச்சலில் மூழ்கும் என்பது நியாயமான மறுப்பு. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் அசையாமல் கிடந்த தாழி இன்னும் ஒரு நிமிடம் அசையாது. முக்காலியில் வைத்து வெவ்வேறு ஒளியளவில் மூன்று படம் எடுக்கத் தடையே இல்லை. திருமண வீட்டுப் படத்துக்கு இவ்வளவு கறார் வேண்டாம். மணப்பெண்ணின் நகை சற்று வெளுத்தால் வரலாறு மாறிவிடாது. கருப்பு-சிவப்புப் பானையின் நிறமோ ஆய்வுத் தரவு. மேகம் மூடும்வரை காத்திருக்கலாம், அல்லது நிழற்துணி பிடிக்கலாம். இரண்டும் இயலாமல் மீட்ட படத்தையே அறிக்கையில் அச்சிட நேர்ந்தால், எந்த அமைப்பில் மாற்றியது என்பதைப் படத்தின் கீழே குறியுங்கள். மூல ரா கோப்பை அழிக்காதீர்கள்.