அமெரிக்க உள்நாட்டுப் போரும் தொழில் வளர்ச்சியும்

ஒரு நாட்டின் செல்வம் பெருகும்போது, உழைத்தவர்க்குரிய பங்கு தானே வந்து சேர்வதில்லை. இவ்வுண்மையை அமெரிக்க வரலாறு நமக்குத் தெளிவாக உணர்த்துகிறது.

1861 முதல் 1865 வரை அந்நாட்டின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் பொருத போரில் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட போர்வீரர்கள் மாண்டனர். தெற்கின் செல்வம் பருத்தி; அதன் அடித்தளம் அடிமை உழைப்பு. 1860இல் அங்கு ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தனர். வடக்கிலோ ஆலைகளும் இருப்புப்பாதைகளும் பெருகியிருந்தன.

போரே தொழில் வளர்ச்சியைத் தந்தது என்பர் சிலர். அக்கூற்று முழுதும் பொருந்தாது. போருக்கு முன்னரே தொழில்கள் வளர்ந்து வந்தன. போரினால் தெற்கு பாழாயிற்று. எனினும், தென் மாநில நிலக்கிழார்களின் பிரதிநிதிகள் சட்டமன்றத்தை விட்டு விலகியதால், அவர்கள் நெடுங்காலம் தடுத்து வந்த சட்டங்கள் நிறைவேறின. 1862இல் மேற்கே குடியேறுவோர்க்கு 160 ஏக்கர் நிலம் வழங்கும் சட்டமும், இருப்புப்பாதைச் சட்டமும், வேளாண்மை மற்றும் தொழிற்கல்லூரிகளுக்கு நிலக்கொடை அளிக்கும் சட்டமும் வந்தன. 1863இல் தேசிய வங்கிச் சட்டம் பிறந்தது. இறக்குமதி வரிகள் உள்நாட்டு ஆலைகளைக் காத்தன. 1869இல் கிழக்கையும் மேற்குக் கரையையும் இருப்புப்பாதை இணைத்தது. 1860இல் சுமார் 30,000 மைலாக இருந்த இருப்புப்பாதை, 1900இல் 1,90,000 மைலைக் கடந்தது. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் உற்பத்தித் தொழிலில் அமெரிக்கா உலகின் முதலிடத்தை எய்தியது.

விடுதலை பெற்ற மக்களின் நிலை யாது? 1865 சனவரியில் தளபதி ஷெர்மன், கடலோர நிலங்களைக் குடும்பத்திற்கு 40 ஏக்கர் வரை அவர்களுக்கு ஒதுக்கினார். அவ்வாண்டிலேயே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்நிலங்களைப் பழைய உடைமையாளரிடமே திருப்பியளித்தார். நிலமும் முதலும் இல்லாத மக்கள், முன்னாள் எசமானரின் வயலையே வாரத்திற்கு உழுது கடனில் மூழ்கினர். சட்டம் அடிமைத்தளையை அறுத்தது, வறுமைத்தளை நீடித்தது.

ஆயினும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. எழுதப் படிக்கக் கற்பதே குற்றமாயிருந்த மண்ணில் பள்ளிகள் எழுந்தன. 1866இல் ஃபிஸ்க், 1867இல் ஹோவர்டு, 1881இல் டஸ்கிகீ ஆகிய கல்விக்கூடங்கள் தோன்றின. 1890இல் வந்த சட்டம், கறுப்பின மாணவரை விலக்கிய மாநிலங்கள் அவர்க்கெனத் தனிக் கல்லூரி நடத்தினாலன்றி நிதி பெறவியலாது என விதித்தது.

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. மகாத்மா ஜோதிராவ் புலே, 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1913இல் நியூயார்க்கு நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயிலச் சென்றார்.

இளைஞர்களே! நம் ஊர்ப்புறத்தில் ஆலை எழும்போதும், சாலை விரியும்போதும், அதில் நமக்குரிய நிலம் எவ்வளவு, வேலை எவ்வளவு, கடனுதவி எவ்வளவு என்று வினவுவோம். சட்டத்தைப் படித்தறிந்து வினவுவோம். இருபத்தைந்தாண்டுகளாக நம் சங்கம் கல்விப் பணியாற்றி வருவது, அவ்வாறு வினவும் தலைமுறையை உருவாக்குவதற்கேயாம்.