பக்கமேளக்காரர் (தென்காசி – குற்றாலம் வட்டாரம்)

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, சங்கரன்கோவில் பகுதிகளில் வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், நாடகம் ஆகியவற்றில் முதன்மைக் கலைஞருக்குத் துணையாகப் பல கருவிகளை மாற்றி மாற்றி இசைப்பவர் பக்கமேளக்காரர். நோட்டீசில் அச்சாவது வில்லுப் புலவரின் பெயரோ நாதசுரக்காரரின் பெயரோதான். பக்கமேளக்காரர் ‘குழுவினர்’ என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுவார். உறுமிக்காரர் வராத அன்று உறுமியையும், பம்பைக்காரர் வராத அன்று பம்பையையும் இடுப்பில் கட்டிக்கொள்பவர் அவரே என்பதால், செட்டுக்கு அவரைவிட வேண்டியவர் வேறு யாரும் இல்லை.

கருவிப் பகுப்பு: தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்று கருவிகளைப் பிரிப்பது தமிழ் மரபு. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், தோற்கருவிகளைப் பெயர் பெயராக அடுக்கி, அவற்றை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு, பண்ணமை முழவு, நாண்முழவு, காலைமுழவு என ஏழாக வகுத்தார். மத்தளம், சல்லிகை, இடக்கை, கரடிகை, பேரிகை, படகம், குடமுழா ஆகியவை அகமுழவு, அவை உத்தமம். தண்ணுமை, தக்கை, தகுணிச்சம் ஆகியவை மத்திமம். கணப்பறை முதலியவை அதமம். அரங்கத்துக்கு உள்ளே ஒலிப்பது உயர்வு, வெளியே ஒலிப்பது தாழ்வு என்ற இந்தக் கணக்கு, பின்னாளில் கோயிலுக்குள் வாசிக்கும் இராசமேளத்துக்கும் தெருவில் வாசிக்கும் நையாண்டி மேளத்துக்கும் இடையே அப்படியே நின்றுவிட்டது. உரையாசிரியர் வகுத்தது கருவிகளை. ஊர் அதை ஆட்களுக்கும் சேர்த்து வைத்துக்கொண்டது.

நையாண்டி மேளத்தில் பொதுவாக இரண்டு நாதசுரம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு உறுமி, தாளம் ஆகியவை இருக்கும்; சில செட்டுகளில் கிடுகட்டியும் தமுக்கும் சேரும். வட மாவட்டங்களில் பம்பை இரட்டையாகக் கட்டப்படும், இங்கே ஒற்றை. உறுமியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள், மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் உறுமல் பிறக்கிறது. நாதசுரமும் தவிலும் கோயிலிலிருந்து தெருவுக்கு வந்தவை. பம்பையும் உறுமியும் தெருவிலேயே இருந்தவை. கரகாட்டத்துக்கும் காவடிக்கும் நடையைத் தீர்மானிப்பவை பின்னிரண்டே.

வில்லுப்பாட்டில் வில், வீசுகோல், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை ஆகியவை கருவிகள். வில்லின் நடுப்பகுதியைக் குடத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். குடக்காரர் குடத்தின் வாயைப் ‘பத்தி’ என்னும் மட்டையால் அடிப்பார். வில்லின் தோற்றம் போர்க்களத்தில் என்பாரும் வேட்டையில் என்பாரும் உண்டு. பாட்டில் வலம் பாடுபவர், இடம் பாடுபவர் என இரு பக்கம் உண்டு. புலவர் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, பக்கத்தார் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். ஆகவே பக்கமேளக்காரருக்குக் கைத்தாளம் மட்டும் போதாது, குரலும் கதையும் மனப்பாடமாக இருக்க வேண்டும். பெரும்பாலும் சிறு வயதில் ஜால்ராவில் தொடங்கி, கட்டை, உடுக்கை என ஏறிக் குடத்துக்கு வருவார்கள். வில்லுக்கு முன்னால் உட்கார எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. கணியான் கூத்தின் மகுடம் என்னும் பறை இந்தச் சுற்றில் சேராது. அது கணியர் கையை விட்டுப் பிறர் கைக்குப் போகாத கருவி.

பழைய வரலாறு: குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் இடையே உள்ள மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி, இப்பகுதியின் ஆடல்-பாடல் மரபுக்குப் பெரிய சான்று. 1706 முதல் 1732 வரை மதுரையை ஆண்ட முத்து விசயரங்கச் சொக்கநாத நாயக்கர் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அது ‘குறவஞ்சி மேடு’ எனப்படுகிறது. அக்குறவஞ்சியின் சிங்கனும் சிங்கியும் ஆடியபோது மத்தளம் தட்டியவருக்கு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

நாடக மேடையில் நிலைமை கொஞ்சம் வேறு. செங்கோட்டையில் 1906இல் பிறந்து 1933இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் பாட்டுக்கு, அவருடைய அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். மேடையில் ஆர்மோனியக்காரர் சுருதி கொடுப்பதோடு நிற்பதில்லை. பின்பாட்டும் பாடுவார், நடிகர் வசனத்தை விட்டால் மெட்டை நீட்டி அவரைக் காப்பாற்றுவார். பக்கத்தில் இருந்தவர் பெயரோடு நினைவில் நிற்கும் மிகச் சில இடங்களில் இது ஒன்று, அதுவும் உடன்பிறப்பு என்பதால்.

வில்லுப்பாட்டில் இன்னொரு எடுத்துக்காட்டு குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டுக் கலைஞர் பூங்கனி. 2018இல் மறைந்த அவரைப் பற்றி எழுதியவர்கள் பலர். அவருக்குக் குடம் அடித்த கணவர் தங்கபாண்டியன் அக்கட்டுரைகளில் ஒரு வரி. திருநெல்வேலிச் சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்த வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்தை என். எஸ். கிருஷ்ணன் சென்னைக்கு அழைத்துச் சென்றபின் வில்லிசை வானொலிக்கும் சபா மேடைக்கும் போயிற்று. சுப்பு ஆறுமுகத்துக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது; அவர் 2022இல் மறைந்தார்.

தொழில்: பங்குனி முதல் ஆடி வரை அம்மன், சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களே பிழைப்பு. குடியழைப்பு, மதியக் கொடை, சாமக் கொடை என்று இரண்டு நாள் தூக்கம் கிடையாது. சாமியாடியான கோமரத்தாடிக்குச் சாமி வரும் நேரத்தில் வரத்துப் பாட்டோடு உடுக்கையும் குடமும் வேகம் கூடும். சாமி இறங்காவிட்டால் ஊரார் புலவரைக் குறை சொல்லமாட்டார்கள், மேளத்தைச் சொல்வார்கள். குற்றாலத்தில் சீசன் காலத்துச் சாரல் விழா மேடையும் இந்த மாதங்களிலேயே வரும். மற்ற மாதங்களில் வயல்வேலை, கொத்து வேலை.

1989இல் வெளிவந்த ‘கரகாட்டக்காரன்’ படம் நையாண்டி மேளத்தை ஊரெங்கும் கேட்க வைத்தது. கூடவே சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்கும் பழக்கத்தையும் கொடைக்குள் கொண்டுவந்தது.

இன்றைய நிலை: கீபோர்டும் பேடும் பல செட்டுகளில் நுழைந்துவிட்டன, செங்கோட்டைக்கு அப்பாலிருந்து செண்டை மேளமும் வருகிறது. தமிழ்நாடு அரசு 2007இல் அமைத்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பக்கமேளக்காரரும் உறுப்பினராகலாம். மாவட்ட அளவில் வயதுக்கு ஏற்பக் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை ஐந்து விருதுகள் தரப்படுகின்றன.