இடையன்குடியின் பெரிய கொத்தனார்

சென்ற வாரம் 1843-ல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தின் 11 வளைவுகளை எண்ணிப் பார்த்தோம். இந்த வாரம் தாமிரபரணிக் கரையின் நெல்வயல்களை விட்டு, தெற்கே செம்மண் தேரிக்குப் போவோம். பனைமரம் மட்டும் தயங்காமல் நிற்கும் மண் அது. 1841 முடிகிற சமயம், சென்னையிலிருந்து கால்நடையாகப் புறப்பட்ட 27 வயது ராபர்ட் கால்டுவெல் அங்கே, இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார்.

கால்டுவெல் என்றால் நமக்கு 1856-ல் வந்த ஒப்பிலக்கண நூலும் மெரினா சிலையும் நினைவுக்கு வரும். அயர்லாந்தில் பிறந்த அவர் இளமையில் டப்ளினில் ஓவியம் படித்தவர் என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கோடு போட்டுப் பழகிய அந்தக் கைக்கு இடையன்குடியில் வேலை காத்திருந்தது.

முதலில் ஊர். தெருக்களை நேராக வகுத்தார், கிணறு வெட்டினார், மரம் நட்டார். மனைவி எலைசா அவ்வூர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பிறகு கோயில். 1847-ல் தூய திரித்துவ ஆலயத்தின் வேலை தொடங்கியது. படம் வரைந்தவர் கால்டுவெல். அவர் மனத்தில் இருந்ததோ மேலைநாட்டுக் கோதிக் பாணி. கூர்முனை வளைவுகள், நுண்ணிய ஜன்னல் வேலைப்பாடு. கட்ட வேண்டியவர்கள் அந்தப் பாணியைக் கண்ணால் கண்டிராத உள்ளூர்க் கொத்தனார்கள். காகிதத்தில் புரியாததைக் களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

வேலை ஆமை வேகத்தில் நகர்ந்தது. ஒப்பிலக்கணத்தின் முதல் பதிப்பு வந்தது, ஆலயம் முடியவில்லை. 1875-ல் இரண்டாம் பதிப்பும் வந்தது, அப்போதும் முடியவில்லை. அடுத்த ஆண்டே தாது வருஷப் பஞ்சம். 1877-ல் அவர் பிஷப் ஆனார். அந்தக் காலகட்டத்தில்தான் தாமிரபரணி கடலில் சேரும் பக்கம், கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பாண்டியரின் பழைய துறைமுகத்தையும் தேடிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக 1880 ஜூலை 6 அன்று ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 33 ஆண்டு வேலை! தொடங்கியபோது 33 வயது, முடித்தபோது 66. அதுவரை வாழ்ந்த காலத்தில் சரிபாதியை ஒரே கட்டடத்துக்குக் கொடுத்தவரை மொழியறிஞர் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது அரைக் கணக்குதான்.

1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் அவர் காலமானார். உடலை மலையிலிருந்து இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் கட்டிய அதே ஆலயத்தின் பலிபீடத்தடியில் அடக்கம் செய்தார்கள்.

(தொடரும்)