துரையின் தட்டில் இருநூறு வருடம்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கால்நடை மருத்துவம் படித்த என் அக்கா மகன் எழுதிக் கொடுத்தது. தண்ணீரைக் காலையும் மாலையும் மாற்ற வேண்டும். சூரியகாந்தி விதை தின்பண்டமாக மட்டும்தான். கேரட், பூசணி, முருங்கைக்கீரை தினமும் உண்டு. காலை வெயில் படவேண்டும். சூரியன் சாய்ந்ததும் விளக்கை அணைத்துத் தூங்க விடவேண்டும். நான்ஸ்டிக் தவா வீட்டுக்குள்ளேயே ஆகாது. நாள் முழுக்கத் தனியாக விடவே கூடாது.

துரைக்கான விதிகள் இவை. துரை எங்கள் ஆப்பிரிக்கன் கிரே. சாம்பல் நிறக் கோட்டும் சிவப்பு வாலும் வெளிறிய கண்ணுமாக வந்து இறங்கிய நாளிலிருந்து வீட்டை அதிகாரம் செய்வதால் அந்தப் பெயர். நான் தூத்துக்குடியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். எந்த விதியைப் பார்த்தாலும் இது எப்போது வந்தது, யார் தலையில் விடிந்த பிறகு வந்தது என்று கேட்காமல் இருக்க வராது. கேட்டுப் பார்த்ததில் தெரிந்தது, அந்தத் தாளில் உள்ள பலவும் கிளிகள் கூட்டம் கூட்டமாகச் செத்த பிறகுதான் மனிதர்களுக்கு உறைத்திருக்கிறது.

இந்தக் கிளியின் ஊர் மேற்கு ஆப்பிரிக்காவும் மத்திய ஆப்பிரிக்காவும். கானா, நைஜீரியா, கேமரூன் கரையோரத்திலிருந்து காங்கோ காடுகளைத் தாண்டி உகாண்டா வரை அதன் நாடு. 15ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியக் கப்பல்கள் அந்தக் கடற்கரையைத் தொட்ட பிறகு ஐரோப்பிய அரண்மனைகளுக்குச் சாம்பல் கிளிகள் போகத் தொடங்கின. 1702இல் லண்டனில் ரிச்மண்ட் சீமாட்டி ஃபிரான்ஸஸ் ஸ்டூவர்ட் இறந்தார். நாற்பது வருடம் கூடவே இருந்ததாகச் சொல்லப்படும் அவருடைய சாம்பல் கிளி சில நாளிலேயே இறந்தது. அதைப் பதப்படுத்தி அவருடைய மெழுகு உருவத்தோடு வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் வைத்தார்கள். இன்றும் அங்கே இருக்கிறது. பதப்படுத்திய பறவைகளில் உலகில் மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது அதுதான் என்கிறார்கள். இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் வைத்தபோது, அந்தச் சீமாட்டியின் கிளி செத்து அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

அதுவரை கிளி சீமான்கள் வீட்டுப் பொருள். சாமானியர் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தது லிவர்பூல் துறைமுகம். துறைமுக ஊர்க்காரி என்பதால் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்றுதான் சொல்ல வேண்டும். அடிமை வியாபாரத்தைப் பிரிட்டன் 1807இல் சட்டம் போட்டு நிறுத்திய பிறகு, லிவர்பூல் வணிகர்கள் அதே கரைக்குப் பனை எண்ணெய் எடுக்கப் போனார்கள். சோப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் எந்திரங்களுக்கு மசகாகவும் அந்தச் செம்பனை எண்ணெய் தேவைப்பட்டது. நீராவிக் கப்பல்கள் வந்து 1850களில் முறையான போக்குவரத்து தொடங்கியதும், கப்பல் ஆட்கள் ஆளுக்கொரு கிளி வாங்கி வருவது வழக்கமாகிவிட்டது. சம்பளத்தோடு அதில் ஒரு கைச்செலவுப் பணம். லிவர்பூலில் கிராஸ், லண்டனில் ஜாம்ராக், ஹாம்பர்க்கில் ஹாகன்பெக் என்று மிருக வியாபாரிகளின் கடைகள் கொழித்தன.

மாலுமியின் அறையில் ஒற்றையாக வந்த கிளிக்குப் பேச்சுத்துணையும் கவனிப்பும் கிடைத்தன. மொத்த வியாபாரமானதும் அதெல்லாம் போய்விட்டது. பெட்டியில் அடைத்து, வெளிச்சமும் காற்றும் போதாத கப்பல் வயிற்றில் போட்டார்கள். இதற்கு மேல் இன்னொரு கொடுமை. கிளிக்குத் தண்ணீர் தேவையில்லை, கொடுத்தால் நோய் வரும் என்று வியாபாரிகள் நம்பினார்கள். காபியில் ஊறிய ரொட்டியிலிருக்கும் ஈரமே அதற்குப் போதும் என்று விற்கும்போதே சொல்லியும் அனுப்பினார்கள். டபிள்யூ. டி. கிரீன் என்ற ஆங்கில மருத்துவர் 1884 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாகக் கூண்டுக் கிளிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தண்ணீர் மறுக்கும் இந்த வழக்கத்தைக் கண்டித்தவர்களில் அவர் ஒருவர். தாளின் முதல் வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். உயிருள்ள ஒன்றுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதையே ஒருவர் புத்தகம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது!

அடுத்தது தீனி. காட்டில் சாம்பல் கிளிக்கு மிகவும் பிடித்தது செம்பனைப் பழம். அதன் சதையில்தான் அந்த எண்ணெய் இருக்கிறது. கேரட்டுக்கு நிறம் கொடுக்கிற சத்துதான் அந்த எண்ணெயையும் சிவப்பாக்குகிறது. பறவையின் உடலுக்குள் போய் அது வைட்டமின் ஏ ஆகிவிடும். லிவர்பூல் கப்பலின் அடித்தளத்தில் பீப்பாய் பீப்பாயாகக் கிளியின் சாப்பாடு வந்தது. அதே கப்பலில் கூண்டுக்குள் கிளி காய்ந்த மக்காச்சோளத்தைத் தின்றுகொண்டு வந்தது. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் 1888இல் லீவர் சகோதரர்கள் போர்ட் சன்லைட் என்று ஒரு தொழிற்சாலை ஊரையே எழுப்பினார்கள். நம் பாட்டிமார் துணி துவைத்த சன்லைட் சோப்பின் ஊர் அதுதான். கிளிக்குப் போகவேண்டிய எண்ணெய் எங்கெங்கோ போய் நம்மூர்க் கொல்லைத் துவைகல் வரைக்கும் வந்திருக்கிறது.

வைட்டமின் ஏ என்று ஒன்று உண்டு என்பதே 1913இல்தான் தெரிய வந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் கூண்டுக்கிளிக்குச் சூரியகாந்தி விதைதான் சாப்பாடு. கொழுப்பு நிறைய, வைட்டமின் ஏ அநேகமாக இல்லை, சுண்ணாம்புச் சத்தும் குறைவு. விதை மட்டுமே தின்ற கிளிக்கு வாய்க்குள் கொப்புளம் கட்டும், மூக்கு அடைக்கும், மூச்சு முட்டும். சாம்பல் கிளிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சட்டென்று இறங்கி வலிப்பு வந்துவிடும். நல்லாத்தான் இருந்தது, திடீரென்று விழுந்து துடித்தது என்று வளர்ப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அந்தச் சத்து உடம்பில் சேர வெயிலும் வேண்டும். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் புற ஊதாக்கதிர் போதாது என்பதால் நேர் வெயில் தேவை. அதனால் துரைக்குக் காலையில் மாடி வராந்தா. முருங்கைக்கீரையில் வைட்டமின் ஏ, சுண்ணாம்பு இரண்டு சத்தும் இருக்கின்றன. காம்போடு ஒரு கொத்தைத் தொங்கவிட்டால் இலையைத் தின்று முடித்துக் காம்பை என் மேல் எறியும்.

1929 கடைசியில் கிளிக்காய்ச்சல் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென் அமெரிக்கக் கிளிகள் வழியாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மனிதர்களுக்குப் பரவி, பலர் இறந்தார்கள். 1930 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஹூவர் கிளி இறக்குமதிக்கே தடை போட்டார். புதுப் பறவையைத் தனியறையில் வைத்துப் பரிசோதித்த பிறகே வீட்டுப் பறவையோடு சேர்க்கும் வழக்கத்துக்கு இந்தக் காய்ச்சல் ஒரு பெரிய காரணம்.

இனி பேச்சு. சாம்பல் கிளியை ஊர் உலகம் விரும்பியது இதற்காகத்தான். அமெரிக்க அதிபராயிருந்த ஆண்ட்ரூ ஜாக்சனின் 'போல்' என்ற கிளி, 1845இல் அவருடைய இறுதிச் சடங்கில் கெட்ட வார்த்தைகளைக் கொட்டியதால் வெளியே தூக்கிப் போகவேண்டியதாயிற்று என்று அங்கே இருந்த ஒருவர் பிற்காலத்தில் எழுதினார். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஒரு விலங்குப் பூங்காவில் 2020இல் ஐந்து சாம்பல் கிளிகள் சேர்ந்து பார்வையாளர்களைத் திட்டி, திட்டியதற்குத் தாங்களே சிரிக்கவும் செய்ததால் அவற்றைப் பிரித்து வைத்தார்கள். உகாண்டாவின் ஜிஞ்ஜா அருகே பிடிபட்ட 'ப்ரூடில்' என்ற கிளி, லண்டன் பறவைக் கண்காட்சியில் 1965 முதல் 1976 வரை வருடா வருடம் பேச்சுப் பரிசை வென்றது. ஏறக்குறைய 800 சொல் அதற்குத் தெரியும் என்று கணக்கு.

பேசுகிறது சரி, புரிந்துதான் பேசுகிறதா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் ஐரீன் பெப்பர்பெர்க். ஹார்வர்டில் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1977இல் சிகாகோவில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் சாம்பல் கிளி ஒன்றை வாங்கினார். அறிவாளிக் கிளியாகப் பொறுக்கி எடுத்தார் என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகக் கடைக்காரரையே ஒன்றைப் பிடித்துத் தரச் சொன்னார். அதுதான் அலெக்ஸ். அதற்கு முன் சரியாகச் சொன்னால் தீனி என்று பழக்கிய உளவியலாளர்கள் தோற்றிருந்தார்கள். பெப்பர்பெர்க் கிளியின் முன்னால் இரண்டு மனிதர்களை உட்கார வைத்தார். ஒருவர் சாவியைக் காட்டி இது என்ன என்பார். மற்றவர் சரியாகச் சொன்னால் சாவி அவர் கைக்குப் போகும். கிளி பொறாமையோடு பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு தானும் சொல்லிச் சாவியை வாங்கி அலகால் கடித்துப் பார்க்கும். பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த உத்தியை விளக்கவே வேண்டாம்.

அலெக்ஸ் ஏறக்குறைய 50 பொருள்களின் பெயரும் ஏழு நிறங்களும் ஐந்து வடிவங்களும் கற்றுக்கொண்டது. ஆறு வரை எண்ணியது. இரண்டு பொருளைக் காட்டினால் எதில் ஒன்றுபோல் இருக்கின்றன, எதில் வேறு என்று சொன்னது. ஆப்பிளைக் கண்டதும் வாழைப்பழத்துக்கும் செர்ரிக்கும் உள்ள ஆங்கிலப் பெயர்களைக் கலந்து தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டது. கண்ணாடியில் தன்னைப் பார்த்து என்ன நிறம் என்று கேட்டது. அப்படித்தான் சாம்பல் நிறத்தின் பெயரைத் தெரிந்துகொண்டது. சலித்துப்போனால் கூண்டுக்குப் போகவேண்டும் என்று சொல்லும், இல்லாவிட்டால் வேண்டுமென்றே தப்பாகப் பதில் சொல்லும். 2007 செப்டம்பரில் 31 வயதில் இறந்தபோது உலகப் பத்திரிகைகள் அஞ்சலி எழுதின.

அலெக்ஸுக்குப் பிறகு தாளின் கடைசி வரி வேறு கனம் பெற்றுவிட்டது. சிறு குழந்தையின் அளவுக்கு யோசிக்கிற ஒன்றை வெறும் கம்பிக்குள் தனியாகப் போட்டால் என்ன ஆகும்? தன் இறகைத் தானே பிடுங்கும். கழுத்துக்குக் கீழே கோழி உரித்த மாதிரி ஆன சாம்பல் கிளிகளை நான் பார்த்திருக்கிறேன். அலகு எட்டாததால் தலை மட்டும் அழகாக இருக்கும். முன்பெல்லாம் தோல் வியாதி என்று எண்ணெய் தடவினார்கள். தோல் வியாதியாலும் வரும்தான், ஆனால் சலிப்பும் பயமும் தனிமையும் பெரிய காரணங்கள். துரை குக்கர் விசில் அடித்து என்னைச் சமையலறைக்கு ஓட வைக்கிறது, தண்ணி மோட்டார் போல இரைகிறது, எங்க வீட்டுக்காரர் போலவே இருமிவிட்டு அவர் குரலிலேயே "காபி எங்க?" என்கிறது. காட்டில் கூட்டத்தோடு குரல் கொடுத்துப் பிழைக்கிற பறவை, எங்களைக் கூட்டமாக வைத்துக்கொண்டு அதையே செய்கிறது.

அந்தக் காட்டில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா மக்களுக்குச் சாம்பல் கிளியின் சிவப்பு வாலிறகு புனிதமானது. தெய்வங்களுக்கான தீட்சைச் சடங்கில் நெற்றியில் கட்டுவார்கள். ஏற்றுமதிச் சந்தைக்கோ உயிரோடு கிளி வேண்டும். காட்டுக்குள் உப்புச்சத்து ஊறிய வெட்டவெளிகளில் கிளிகள் நூற்றுக்கணக்கில் இறங்கும். கேமரூனின் லோபேகே காடு அப்படிப்பட்ட இடம். அங்கே பழக்கிய கிளியைக் கட்டிவைத்து அழைக்கவிட்டு, வலையும் மரப்பசையும் வைத்துப் பிடித்தார்கள். கப்பலோ விமானமோ ஏறும் முன்பே பாதியை ஒட்டி இறந்துவிடும் என்பது ஆய்வாளர்கள் மதிப்பீடு. 1975 முதல் கணக்கில் ஏறிய ஏற்றுமதி மட்டுமே 13 லட்சத்துக்கு மேல். 2010இல் கேமரூனில் பறிமுதலான ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளிகள் லிம்பே வனவிலங்கு மையத்துக்கு வந்து சேர்ந்தன. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் ஒரு விமானத்தின் சரக்கறையில் 700க்கும் மேற்பட்டவை செத்துக் கிடந்தன. கானாவில் 1990களின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்துவிட்டதாக 2016இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

அமெரிக்கா 1992 சட்டத்தாலும், ஐரோப்பிய ஒன்றியம் பறவைக்காய்ச்சல் பயத்தில் 2005இலும் காட்டுக்கிளி இறக்குமதிக்குக் கதவைச் சாத்தின. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்த நாடுகள் 2016இல் ஜோஹன்னஸ்பர்க்கில் கூடிச் சாம்பல் கிளியை முதலாம் பட்டியலில் சேர்த்தன. காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்பது அதோடு சட்டத்துக்கு வெளியே போயிற்று. இப்போது கடைகளுக்கு வருபவை கூண்டில் பொரித்து, கையால் ஊட்டி வளர்த்த குஞ்சுகளாகத்தான் இருக்கவேண்டும். கூண்டில் பொரித்ததாகக் காகிதம் தயார் செய்வது கடினமல்ல என்பதையும் அந்த வியாபாரம் அறிந்தவர்கள் சொல்வார்கள்.

நம் நாட்டில் வேடிக்கையான நிலைமை. வேப்பமரத்தில் கத்தும் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம், ஆப்பிரிக்கக் கிளியை வைத்துக்கொள்ளலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தமும் 2024இல் வந்த விதிகளும் அதற்கு ஒரு கடிவாளம் போட்டிருக்கின்றன. சாம்பல் கிளி வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும்.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலில் வளையமும் கையில் பதிவுத் தாளும் இல்லாத கிளியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் அது நாற்பது, ஐம்பது வருடம் இருக்கும். உங்கள் வயதோடு அதைக் கூட்டிப் பார்த்து, உங்களுக்குப் பின் அதை யார் வைத்துக்கொள்வார்கள் என்று வீட்டில் பேசி முடிவு செய்த பிறகு கடைக்குப் போங்கள்.