கடல்கோள்

கடல்கோள் (பெயர்ச்சொல்): கடல் பொங்கி நிலத்தைக் கொள்ளுதல். 'கொள்' முதல் நீண்டு 'கோள்' ஆனது. கெடு 'கேடு' ஆவதும் இவ்வாறே. பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுள் மறைந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது.

வடமொழியில் பிரளயம். பாகவதத்தில் திராவிட மன்னன் சத்தியவிரதன் கிருதமாலை ஆற்றில் நீர்க்கடன் செய்கையில், அள்ளிய கைநீரில் ஒரு சிறுமீன் வருகிறது. ஊழிவெள்ளத்தில் அவன் ஓடத்தை இழுத்துக் காப்பதும் அதே மீன்தான். கிருதமாலையை வைகையோடு சேர்த்துச் சொல்வது பாண்டிநாட்டு வழக்கு.

பைபிளின் நோவாவும், குர்ஆனின் நூஹும், கில்காமேஷ் காவியத்தின் உத்னபிஷ்டிமும் மரக்கலத்தால் பிழைத்தவர்கள். தமிழ்க் கடல்கோளில் ஓடமே இல்லை: இழந்த நிலத்துக்கு ஈடாகப் பாண்டியன் புதுநிலம் வென்றான் என்கிறது கலித்தொகை.