மன்னார்ச் சலாபமும் கடல்கட்டியும்

நெய்தல் நிலத் தமிழர்க்குச் சுறா அச்சந்தரும் பகையாயிருந்ததோடு அமையாது, வழிபாட்டிற்கும் உணவிற்கும் உரியதாயும் விளங்கிற்று. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சினைச்சுறாவின் கோட்டினை நட்டுத் தெய்வம் வழிபட்டமையைப் பட்டினப்பாலை கூறும். யாழ்ப்பாணத்திலே மகப்பேறுற்ற தாய்க்குச் சுறாவறை ஆக்கியளிக்கும் வழக்கம் இன்றும் உளது.

இவ்வுறவின் தனித்தன்மையை மன்னார் முத்துச் சலாபத்திற் காணலாம். அச்சலாபம் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் செல்வத்துக்கு ஊற்றாயிருந்தது. 1344 ஆம் ஆண்டில் அவ்வரசரைக் கண்ட இபின் பதூதா அவர்தம் முத்துக்களை வியந்துரைத்தார். அம்முத்துக்களை எடுத்த குளியாட்களோ கல்லிற் காலூன்றி, மூச்சடக்கி, பல பாக ஆழத்துக்கு இறங்கினர். சுறாவினின்று அவரைக் காத்தற்கு அமைந்தவன் கடல்கட்டி எனப்படும் மந்திரவாதியாவான்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழிச் சென்ற மார்க்கோ போலோ, சுறாவைக் கட்டுவோர்க்குக் கிடைத்தவற்றில் இருபதில் ஒரு பங்கு வழங்கப்பட்டதென்பர். பகலிற் கட்டிய மந்திரத்தை அவர் இரவில் அவிழ்த்துவிடுவராம். கள்வர் அஞ்சி இறங்காதிருத்தற்பொருட்டே அவ்வாறு செய்தனர். எனவே மந்திரம் உயிர்க்காவலாகவும் பொருட்காவலாகவும் பயன்பட்டதென்க.

ஆங்கிலர் ஆட்சியிலும் இவ்வழக்கம் நின்றது. 1859 இல் வெளிவந்த தமது இலங்கை வரலாற்றிலே சேர் எமர்சன் தெனன்ற், அத்தொழில் வழிவழி வருவதென்றும், அக்காலத்து அக்குடும்பத் தலைவர் ஒரு கத்தோலிக்கரென்றும் குறிப்பிடுகின்றார். மந்திரத்தின் வலிமை ஓதுவோன் சமயத்தைச் சார்ந்ததென்று குளியாட்கள் கருதவில்லை.

மந்திரத்தில் நம்பிக்கையில்லா அரசாங்கம் கடல்கட்டிக்கு இடமளித்தது யாது கருதி? பல படகுகளின் ஆரவாரமே சுறாவை விலக்கியதென்பார் உளர். அஃது உண்மையாயினும், குளியாள் கடலில் இறங்க மறுப்பின் ஆரவாரம் ஏது, அரசிறைதான் ஏது? கடல்கட்டி 'இறங்குக' என்று கூறுங்காறும் படகில் அமர்ந்திருத்தற்கு அவ்வேழைகட்கு உரிமையிருந்தது. அவ்வுரிமையை மதித்தல் ஆள்வோர்க்கு இன்றியமையாததாயிற்று.

1903 முதல் 1907 வரை நடந்த பெருஞ் சலாபங்களின்பின் முத்துப்பார்கள் வளங்குன்றின. கடல்கட்டியின் தொழிலும் மறைந்தது. அதனை வெறும் மூடநம்பிக்கையென்று ஒதுக்குவோர், உயிரைப் பணயம் வைத்த உழைப்பாளி தன் அச்சத்தை முதலாளியும் அரசும் ஏற்குமாறு செய்த ஒரு வழியை வரலாற்றினின்று நீக்கியவராவர்.