வில்வண்டி முதல் யுத்த தாங்கி வரை

சக்கரத்தைக் கண்டறிந்த மனிதன் அது தரும் அதிர்ச்சியை அடக்கக் கற்றுக்கொள்வதற்கு நெடுங்காலம் சென்றது. நம் கோயிற் பெருந்தேர்களின் மரச்சட்டங்கள் அச்சின்மீது நேராகவே அமர்ந்தவை. இடையில் வில் இல்லை. ஊர்கூடி இழுக்கும் மந்தகதியே அவற்றுக்குக் காவல். ஆடிவேல் விழாவிலே கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் தேர் ஊர்ந்து செல்வதைக் கண்டோர், வேகமின்மை பாரத்துக்கு எத்துணைப் பாதுகாப்பு என்பதை உணர்வர். வேகம் வேண்டியபோதே வில்லும் வேண்டியதாயிற்று. பிரித்தானியரான ஒபதையா எலியட் 1804இல் நீள்வட்ட வடிவ உருக்குவில்லுக்குக் காப்புரிமை பெற்றார். உருக்குப் பட்டைகளை அடுக்கிய வில்லின்மேல் அமைந்த மாட்டுவண்டியைத் தமிழர் வில்வண்டி என்றே அழைத்தனர்.

இவ்வறிவு பரவியிருந்த காலத்திலும், 1916 செப்ரெம்பர் 15ஆம் நாள் சொம் போர்க்களத்தில் இறங்கிய முதல் யுத்த தாங்கிக்கு வில் பொருத்தப்படவில்லை. ஏறத்தாழ 28 தொன் நிறையுடைய அது மணிக்கு 6 கிலோமீற்றர் அளவிலேயே நகர்ந்தது. உள்ளிருந்தோரின் உடல்களே அதிர்ச்சியைத் தாங்கின. தேருக்குப் பொருந்திய மந்தகதி, எதிரியின் பீரங்கிக்கு முன் பெருங்கேடாய் முடிந்தது.

அடுத்த முப்பது ஆண்டுகளில் மூவகைத் தீர்வுகள் தோன்றின. அமெரிக்கரான வோல்ட்டர் கிறிஸ்டி 1928இல் ஒவ்வொரு சக்கரத்துக்கும் நீண்ட சுருள்வில் அமைத்து வேகத்தைப் பெருக்கினார். சோவியத் ஒன்றியத்தின் டி-34 அவ்வழி வந்ததே. எனினும் அவ்விற்கள் உடலினுள் பேரிடத்தை விழுங்கின. சுவீடனில் 1934இல் உருவான எல்-60 முறுக்குத் தண்டைக் கையாண்டது. உருக்குத் தண்டின் ஒரு முனையை உடலோடு பிணைத்து, மறுமுனையைச் சக்கரப் புயத்தோடு இணைத்தால், புயம் உயரும்போது தண்டு முறுகி விசையைத் தேக்கும். இடம் மிச்சமாகும், ஆனால் முறிந்த தண்டை வெளியே எடுப்பது கடினம். 1945இல் வந்த பிரித்தானியச் செஞ்சூரியன், விற்களைச் சக்கரச் சோடிகளோடு உடலின் புறத்தே வைத்தது. கண்ணிவெடியிற் சிதைந்த பகுதியைக் கழற்றி மாற்றுதல் இதனால் எளிதாயிற்று.

தமிழ்நிலத்தில் இவ்வரலாறு ஆவடியில் தொடர்கிறது. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965இல் வெளிவந்த விஜயந்தா, முறுக்குத் தண்டுகளில் இயங்கியது. அவ்வூரிலேயே வடிவமைக்கப்பட்ட அர்ஜுனோ எண்ணெயும் அமுக்கிய வாயுவும் சேர்ந்த தாங்கமைப்பை ஏற்றது. வாயு நெருங்க நெருங்க விறைப்பு மிகுதலால், சிறு மேட்டில் மென்மையும் பெரும்பள்ளத்தில் உறுதியும் ஒருங்கே கிட்டுகின்றன.

இவற்றின் பேருருவ மாதிரிகளைச் செய்ய முனையும் மாணவர், புறவடிவை அப்படியே சுருக்கினாற் போதும் எனக் கருதுதல் இயல்பு. 1638இல் கலிலியோ தம் நூலில் விளக்கிய உண்மை இங்கே குறுக்கிடுகிறது. ஆறில் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரியின் நிறை 216இல் ஒரு பங்காகும். முறுக்குத் தண்டின் விறைப்போ ஆறில் ஒரு பங்காகவே குறையும். ஆதலின் சக்கரம் ஏறி இறங்க வேண்டிய அளவில் ஆறில் ஒன்றே அசையும். மாதிரி துள்ளி ஓடும். தண்டின் விட்டத்தை மேலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தாலே மூலத்தின் அசைவு கிட்டும். அப்போதும் உருக்கு தாங்கும் தகைப்பு மூலத்திலுள்ளதினும் குறைவே. எனவே முறிவைக் காட்டிலும் தேய்வே பகையாகும். புயம் சுழலும் துளைக்கு வெண்கல உறையும், மணல் புகாத மூடியும், மிகை முறுக்கைத் தடுக்கும் கட்டையும் அமைந்தாலன்றி மாதிரி நெடுநாள் உழைக்காது.

1983 முதல் 2009 வரை போரைக் கண்ட நம்மவர்க்கு யுத்த தாங்கி வெறும் விளையாட்டுப் பொருளன்று. எனினும் அதனைத் தாங்கும் அதே வில்லே நோயாளர் வண்டியையும் புகையிரதப் பெட்டியையும் தாங்குகிறது. வில்லுக்குப் பகையுமில்லை, நட்புமில்லை. அதன்மேல் எதனை ஏற்றுவது என்பது மனிதர் தெரிவு. அத்தெரிவைச் செய்யும் தகுதி வேண்டுமாயின், உருவைக் கண்டு வியப்பதோடு அமையாது, அதன் உள்ளியல்பைக் கணித்தறியும் பயிற்சி நம் மாணவரிடையே வளர்தல் வேண்டும்.